புத்தக எடை

ஜூலை 3, வியாழன்

மலைக்குக் கீழே அனுப்பிய ரத்தச் சோதனையின் முடிவு பத்து நாள் கழித்து இன்றைக்கு வந்து சேர்ந்தது. ஏரிக்கரையில் சவாரிக்கு நிற்கும் பன்னிரண்டு குதிரைகளில் நான்கின் ரத்தத்தில் கிருமி இருக்கிறதாம். குதிரை ஈ கடித்துப் பரவுகிற காய்ச்சல். ஜக்கரியாவின் கமாண்டர், பஷீரின் இரண்டு, சகாயமேரியின் பிங்கி.

டாக்டர் மெர்லின் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இருபத்தெட்டு வயது. எதையும் இரண்டு தடவை எழுதிப் பார்க்கிற பெண். "தவமணி சார், இந்த மருந்தை எடைக்குச் சரியா போடணும். கொஞ்சம் கூடினாலும் குதிரை தாங்காது. நாலோட எடையும் வேணும்" என்றார்.

குதிரையை நிறுத்துப் பார்க்க இந்த மலையில் எடைமேடை கிடையாது. நாடாதான். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு, தோளிலிருந்து பின்புறம் வரை நீளம் ஓர் அளவு. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, பதினோராயிரத்து எண்ணூற்று எண்பதால் வகுத்தால் கிலோ வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

"புதுசா ஒரு தடவை அளந்துரலாமா சார்?"

"இந்த மழையில எதுக்கு மேடம்? மார்ச்சுல அளந்தது லைசென்ஸ் புத்தகத்துல இருக்கே."

எடுத்துக் கொடுத்தேன். கமாண்டர் 255. பஷீருடையவை 240, 236. பிங்கி 224. முழங்கால் வலி வேறு எனக்கு. மழையில் கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்க யாரால் முடியும்?

ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

முதலில் கமாண்டர். ஜக்கரியா அதைக் குளிப்பாட்டி, பிடரி மயிரைச் சீவி, கல்யாணத்துக்குக் கூட்டி வருகிறவர் போலக் கூட்டி வந்தார். டாக்டர் தாளில் கணக்குப் போட்டு, 255 என்று சத்தமாகச் சொல்லி, என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். தொண்டையில் சளி. தலையை ஆட்டினேன்.

கால் மணி நேரத்தில் வாயிலிருந்து எச்சில் ஒழுக ஆரம்பித்தது. அப்புறம் வியர்வை, நடுக்கம். முட்டி மடங்கிப் படுத்துவிட்டது. டாக்டர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு குளுக்கோஸ் ஏற்றினார். சாயங்காலம் எழுந்து நின்றது. சிறுநீர் மட்டும் போகவில்லை.

மற்ற மூன்றுக்கும் ஊசி போடுவதை டாக்டர் நிறுத்தி வைத்துவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

விடியற்காலை கமாண்டர் செத்துப்போனது.

மருத்துவமனைக்குப் பின்னால் குழி. ஜேசிபிக்காரர், "எவ்வளவு வெயிட்டு இருக்கும் சார்?" என்று கேட்டார். "இருநூத்தம்பது" என்றேன். பெல்ட்டைக் கட்டித் தூக்கிப் பார்த்தவர், "அவ்வளவெல்லாம் இல்லயே, லேசா வருதே" என்றார். ஜக்கரியா வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஜேசிபிக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில் சும்மா நாடாவை வைத்துப் பார்த்தேன். செத்த உடம்பு ஊதும். அப்படியும் சுற்றளவு 138, நீளம் 128. இருநூற்று ஐந்து கிலோ.

டாக்டர் தாளை எடுத்து எடுத்துக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "எங்க சார் தப்பு பண்ணேன்?" என்றார். "உங்க மேல தப்பு இல்ல மேடம். சில உடம்புக்கு மருந்து ஒத்துக்காது" என்று சொல்லி டீ வாங்கி வந்து கொடுத்தேன். குடிக்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

மழை. வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

இதை எங்கேயாவது எழுதி வைக்கத்தான் வேண்டும். இங்கேயே எழுதுகிறேன்.

சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது குதிரைக்காரர்கள் இடையில் விரலை விட்டுப் பிடிப்பார்கள். விரல் நுழைகிற இடம் விட்டால்தான் குதிரைக்கு மூச்சு முட்டாது. அது சரியான பழக்கம். நாடாவைச் சுற்றும்போதும் அதே கை அதே இடத்துக்குப் போகிறது. நான் இந்த ஊருக்கு வந்த வருடம் யாரோ ஒருவர் அப்படி விட்டார். "இது வார் இல்லப்பா, நாடா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நகராட்சியில் 220 கிலோ இருந்தால்தான் பெரிய ஆளை ஏற்ற அனுமதி. அதற்குக் குறைந்தால் குழந்தைகள் மட்டும்தான். குழந்தைகளை மட்டும் ஏற்றிப் பிழைக்க முடியுமா? மனசு கேட்கவில்லை. விரல், மூடிய கைமுட்டியாக மாறியது. நீளத்தையும் நான் கொஞ்சம் தாராளமாகப் பிடித்தேன். பேச்சில் அதற்குப் பேரே 'விரல் விடுறது' என்று ஆகிவிட்டது. நான் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. சகாயமேரி வீட்டில் குடிப்பது வேறு. அவள் புருஷன் அந்தோணி என் நண்பன்.

எல்லோருக்கும் ஒரு முட்டி என்றால் பிங்கிக்கு இரண்டு. ஆறு வருடம் முன்னால் அந்தோணி இறந்ததிலிருந்து அப்படித்தான். அவள் தனியாளாகக் குதிரையைப் பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடக்கிறவள். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி ஊசியாம். மருந்தைத் தள்ளிப் போட்டால் நோய் முற்றிவிடும் என்கிறார் டாக்டர். புத்தகத்தில் உள்ளபடி போட்டால் மூன்றும் போய்விடும். இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலை 9, புதன்

காலையில் நாடாவை எடுத்துக்கொண்டு பிங்கியின் கொட்டிலுக்குப் போனேன். சகாயமேரி புல்லை உதறிக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே. ஜக்கரியா பாய் குருதைக்கு இப்பிடி ஆயிருச்சே, எம்புள்ளைக்கு ஊசி போடலாமாண்ணே? பயமா இருக்கு."

"பயப்படாத. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

நாடாவைச் சுற்றினேன். அவள் கை வழக்கம்போல உள்ளே போனது.

"கைய எடு."

"ஏண்ணே?"

"எடு மேரி."

அவள் எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள். "கைய எடுத்தா லைசென்ஸ் போயிருமேண்ணே."

"இது லைசென்ஸுக்கு இல்ல. எடுங்கிறேன்ல."

எடுத்தாள். சுற்றளவு 130. நீளம் 124. நூற்று எழுபத்தாறு கிலோ. புத்தகத்தைவிட நாற்பத்தெட்டு கிலோ குறைவு. முதுகில் சேணம் உரசிய இடத்தில் உள்ளங்கை அளவுக்கு முடி இல்லை. அதை இதற்கு முன்னால் நான் கவனித்திருக்கிறேனா என்று தெரியவில்லை.

பஷீருடைய இரண்டையும் அளந்தேன். 209, 204.

டாக்டருக்குப் போன் போட்டேன். "மேடம், எதுக்கும் புதுசா அளந்து பார்த்தேன். நோயில எல்லாமே இளைச்சிருக்கு" என்றேன். எண்களைச் சொன்னேன்.

ஒவ்வொன்றையும் அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அப்புறம், "நல்லவேளை சார். நீங்க அளக்கலைன்னா நான் பழைய எடைக்கே போட்டிருப்பேன். கேஸ் ஷீட்ல சுத்தளவு, நீளம் எல்லாத்தையும் எழுதி வச்சிருங்க" என்றார். குரல் உடைந்திருந்தது.

பொய்தான். ஆனால் மூன்று உயிரும் பிழைத்துக்கொள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கு ஓய்வுக்குப் பத்து மாதம் இருக்கிறது. வருகிற வழியில் பன் வாங்கிச் சாப்பிட்டேன். நல்ல பசி.

ஜூலை 10, வியாழன்

கீழேயிருந்து மருந்து பாதிதான் வந்தது. இரண்டு குதிரைக்குத்தான் போதும். மீதி வர இன்னும் பத்து நாள் ஆகுமாம்.

டாக்டர் மூன்று கேஸ் ஷீட்டையும் மேசையில் பரப்பி வைத்தார். "பஷீர் குதிரைங்க முப்பது கிலோ குறைஞ்சிருக்கு. பிங்கி நாப்பத்தெட்டு. நாலு மாசத்துல இவ்வளவு இளைச்சிருந்தா உள்ள எல்லாம் போயிருக்கும் சார். மருந்து போட்டாலும் நிக்குமான்னு தெரியல. பிழைக்கிற ரெண்டுக்குப் போடுறதுதான் நியாயம்."

பிங்கி இளைக்கவே இல்லை. எப்போதும் அது அவ்வளவுதான். இரண்டு முட்டி விட்டது நான்.

"மேடம்…" என்றேன்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு சார். சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல மேடம்."

ஒண்ணுமில்ல மேடம். இப்படித்தான் சொன்னேன். எழுதிப் பார்க்கிறேன், கை கூசுகிறது. நாளைக் காலையில் ஊசிக்கு முன்னால் சொல்லிவிடலாம்.

ஜூலை 11, வெள்ளி

சொல்லவில்லை.

பஷீரின் குதிரைகளுக்கு ஊசி போட்டாயிற்று. இரண்டும் கொஞ்சம் தலையைக் குலுக்கின, அவ்வளவுதான். மத்தியானம் கொள்ளு தின்றன. டாக்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார். சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

சகாயமேரியிடம் பத்து நாளில் மருந்து வரும் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் போனதும் அவள் என்னிடம் வந்தாள்.

"எம்புள்ள எடை ரொம்பக் குறைஞ்சுருச்சுன்னுதான் இப்பப் போடலயாம்ல. அன்னைக்குக் கைய எடுக்கச் சொன்னீங்களே, அதனாலயாண்ணே?"

"அதெல்லாம் இல்ல."

"நான் வேணா டாக்டரம்மாகிட்ட சொல்லிரவா? கைய விட்டது நாந்தானே. என்னையத் திட்டிட்டுப் போறாங்க."

"வேணாம். சொன்னா லைசென்ஸ் போயிரும். வேற வம்பும் வரும்" என்றேன்.

"குருதையே போயிட்டா லைசென்ஸ வச்சு என்னண்ணே செய்றது?"

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவள் சரி என்று போய்விட்டாள். நான் சொன்னால் நம்புகிறவள்.

ஜூலை 13, ஞாயிறு

துணி துவைத்தேன். காயவில்லை. பிங்கிக்கு இரண்டு கட்டு பச்சைப்புல் கொண்டுபோய்ப் போட்டேன்.

ஜூலை 14, திங்கள்

பிங்கிக்குப் பின்னங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. வயிற்றுக்குக் கீழே நீர் கோத்திருக்கிறது. நடந்தால் இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறது. காய்ச்சல் நூற்று மூன்றுக்கு மேல். மேரி வெந்நீரில் துணியை நனைத்து ஒத்தடம் கொடுக்கிறாள்.

டாக்டர் இடமாற்றம் கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறார். மேசையில் பார்த்தேன். 'என் கவனக்குறைவால் ஒரு குதிரை இறந்த நிலையில்' என்று ஆரம்பிக்கிறது. அனுப்பவில்லை இன்னும்.

ஜூலை 16, புதன்

இன்று மூன்று தடவை டாக்டர் அறை வாசல் வரை போனேன். ஒரு தடவை ஆட்கள் இருந்தார்கள். ஒரு தடவை போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு தடவை சும்மாதான் இருந்தார்.

ஜூலை 17, வியாழன்

டாக்டரே கூப்பிட்டார். ஒரு கையில் லைசென்ஸ் புத்தகம், இன்னொரு கையில் பிங்கியின் கேஸ் ஷீட்.

"கமாண்டர் ரிப்போர்ட்டுக்காகப் பார்த்துட்டிருந்தேன். ஒரு சந்தேகம் சார். சுத்தளவு குறைஞ்சது சரி, சதை கரைஞ்சா குறையும். நீளம் மார்ச்சுல 132. இப்ப 124. நீளம் எப்படி சார் குறையும்? எலும்பு சுருங்குமா?"

அளந்ததை அப்படியே எழுதியவன் நான். சுற்றளவைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறேன். நீளம் குறையாது என்று மாட்டுத் தரகனுக்குக்கூடத் தெரியும்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். விரல், முட்டி, 220, எல்லாம்.

"கமாண்டருக்கும் இப்படித்தானா?"

"ஆமா மேடம்."

"நிஜமா எவ்வளவு இருந்துச்சு?"

"இருநூத்தி அஞ்சுக்கு மேல இருக்காது."

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"புதைச்ச அன்னைக்கு."

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். "பதிமூணு நாளா அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்துட்டிருந்தேன். எதுல தப்பு, ஏன் அளக்காம போட்டேன்னு. நீங்க எதிர்ல நின்னு டீ வாங்கிக் குடுத்தீங்களே சார். எப்படி சார் முடிஞ்சுச்சு?"

டாக்டர் போனை எடுத்தார்.

என்னை வெளியே அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் போனில் யார் யாரிடமோ கெஞ்சினார். கீழே ஒரு மருத்துவமனையில் ஒரே ஒரு பாட்டில் இருக்கிறதாம். "பிங்கி இளைக்கலைன்னா இன்னும் வழி இருக்கு. நீங்களே போய் வாங்கிட்டு வாங்க. இப்பவே" என்றார். இரண்டு மணி பஸ்ஸில் மலை இறங்கினேன். பாட்டிலை வாங்கி ஐஸ் டப்பாவில் வைத்தாயிற்று. திரும்பினால் மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டிகள் நிற்கின்றன. காலையில்தான் விடுவார்களாம். பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டப்பா மடியில் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

பதினொரு மணிக்கு மலைமேல் வந்து சேர்ந்தேன். முழங்கால் வலியைப் பார்க்காமல் கொட்டில் வரை ஓடினேன்.

பிங்கி ஒருக்களித்துப் படுத்திருந்தது. அதிகாலையிலேயே விழுந்துவிட்டதாம். நான்கு பேர் சேர்ந்து தூக்கியும் நிற்கவில்லை. டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது. ஐஸ் டப்பாவை நீட்டினேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டார். "வேணாம் சார். இப்பப் போட்டா இன்னும் வேதனைதான். கடைசி ஊசி போட்டுரலாம்" என்றார். மேரி தலையை ஆட்டினாள்.

கடைசி ஊசிக்கும் எடை வேண்டும். நான் சட்டைப்பையிலிருந்து நாடாவை எடுத்தேன். டாக்டர் அதை என் கையிலிருந்து வாங்கி, முட்டி போட்டு, தானே அளந்தார். படுத்திருக்கிற குதிரையை ஒரே ஆள் அளப்பது கஷ்டம். உதவிக்கு என்னைக் கூப்பிடவில்லை. நூற்று ஐம்பத்தெட்டு.

முடிந்தபின் மேரி பிங்கியின் தலைக்கயிற்றைக் கழற்றினாள். கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தவள், முதுகில் முடியில்லாத இடத்துக்கு வந்ததும் கையை வைத்து நிறுத்தினாள்.

"மேரி, நான் உனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான்…"

"எனக்கு நல்லதுதாண்ணே செஞ்சீங்க. நான் இல்லன்னு சொல்லல. கொமரனும் கொமரியும் ஜோடியா ஏறுவாக. எறக்கத்துல இதுக்குக் காலு நடுங்கும். இருநூத்தி இருவத்தினாலு இருக்கு, தாங்கும்னு நானே அதுகிட்டச் சொல்லுவேன். ஆறு வருசம் சொல்லியிருக்கேன்."

அவள் குரல் கோபமாக இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 19, சனி

நடந்ததை மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, அவருடைய விண்ணப்பத்தைக் கிழித்தார். என்னைப் பார்க்கவில்லை. மீதி எட்டையும் பஷீருடைய இரண்டையும் திங்கள்கிழமை நகராட்சி ஆள் முன்னால் அவரே அளக்கப்போகிறார். 220-க்கு மேல் மூன்று தேறினால் அதிகம். என் மேல் விசாரணை வரும். வரட்டும்.

ஏரிக்கரை வழியாக வந்தேன். குதிரைக்காரர்கள் யாரும் வணக்கம் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஜக்கரியாவுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஊருக்குப் போயிருந்தவர் இன்றைக்குத்தான் திரும்பினார். மற்றவர் வாயால் கேட்க வேண்டாம் என்று நானே போனேன். இப்போது ஏரி முனையில் மக்காச்சோளம் சுட்டு விற்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கொஞ்சம் ஓயும் வரை நின்றேன்.

"வாங்க சார். ஒண்ணு சாப்பிடுங்க" என்று சோளத்தை எடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சொல்ல வந்ததைச் சொன்னேன். மருந்து 255 கிலோவுக்குப் போட்டது, கமாண்டர் 205 இருந்தது, ஐம்பது கிலோவுக்கான மருந்து அதிகமாக உள்ளே போனது. டாக்டர் மேல் தப்பில்லை, என் மேல்தான் என்றும் சொன்னேன்.

அவர் விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மனசுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மார்ச்சில் கமாண்டரின் நெஞ்சுக்கும் நாடாவுக்கும் நடுவில் முட்டியை வைத்திருந்தவர் அவர்தான். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று வந்தேன். இறக்கி அவர் தலையில் வைத்திருக்கிறேன்.

"அந்தக் கை என்னோடதுதானே சார்" என்றார்.

"இல்ல பாய். அளந்தது நான். நான்தான் எழுதுனேன்."

"வாருக்கு விடுற மாதிரிதான் விட்டேன். எல்லாரும் விடுறதுதானேன்னு." சோளம் ஒரு பக்கம் கருகிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திருப்பவில்லை. "எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே சார்."